தீவின் வழக்கைப் பேசப் பழகியவர்கள்: புதுக்கடையின் வரலாறு

இலங்கைக்காக உலக மன்றங்களில் எழுந்து பேசியவர்களில் பலருக்குத் தொழில் பழக்கிக் கொடுத்த இடம் கொழும்பு 12இல் உள்ள புதுக்கடை. சிங்களத்தில் அளுத்கடே என்பதும் அதே பொருள்தான். ஆங்கிலேயர் எழுதிவந்த ஹல்ஸ்ட்ரொப் என்ற பெயர் ஒல்லாந்தத் தளபதி ஜெராட் ஹல்ஃப்டிடமிருந்து வந்தது. 1656இல் போர்த்துக்கேயரின் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்ட படைக்கு அவரே தலைமை தாங்கினார். பாசறை இந்த மேட்டில் இருந்தது. ஏப்ரல் 10ஆம் திகதி அவர் சுடப்பட்டு இறந்தார். கோட்டை விழுந்தது அடுத்த மாதம்தான். பாசறை இருந்த மேடு பின்னர் நீதிமன்றங்களின் மேடாயிற்று.

தீவு நாடுகளின் உலக நலன்களைக் கவனிக்கும் அலுவலர்களுக்கு இன்று தலைமைத்துவப் பயிற்சி நெறிகள் இருக்கின்றன. பாடத்திட்டமும் சான்றிதழும் கொண்டவை அவை. இலங்கைக்கு அந்த வகை நிறுவனங்கள் 1970களிலிருந்தே கிடைத்தன. அதற்கு முன்பு சுமார் ஒரு நூற்றாண்டு அந்த வேலையின் பெரும்பங்கைப் பெயர் சூட்டாமலே செய்தவை சட்டக் கல்லூரியும், அதைச் சுற்றிய வீதிகளிலிருந்த சட்டத்தரணிகளின் அறைகளும். சிவில் சேவை இன்னொரு வாசல். அதன் வழியாக வந்த ஒருவரின் கதை பின்னால் வருகிறது.

பிரித்தானியர் 1801இல் வழங்கிய நீதிச் சாசனம் உயர் நீதிமன்றத்தை நிறுவியது. சட்டத் தொழிலுக்கு ஆட்களைச் சேர்த்துப் பதியும் அதிகாரம் 1833ஆம் ஆண்டுச் சாசனப்படி அந்த நீதிமன்றத்திடமே இருந்தது. முறையான கல்வி 1874இல் சட்டக் கல்விப் பேரவையோடு தொடங்கியது. 1900இல் ஒரு கட்டளைச் சட்டம் பேரவையைக் கூட்டிணைத்தது. புதுக்கடையில் சட்டக் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் 1911இல் எழுந்தது. தொழிலுக்கு அப்போது இரண்டு படிகள். வாதாடுபவர் அப்புக்காத்து. கட்சிக்காரரைச் சந்தித்து வழக்கை ஆயத்தம் செய்பவர் பிறக்கிராசி. இவர்களைத் தவிர, உறுதி எழுதுபவர் நொத்தாரிசு. போர்த்துக்கேய, ஒல்லாந்தக் காலங்களின் வாடை இந்தச் சொற்களில் இன்னும் இருக்கிறது. 1974இல் அந்த இரண்டு படிகளும் ஒன்றாக்கப்பட்டு எல்லோரும் சட்டத்தரணிகள் ஆயினர். ஆனாலும் யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் தாத்தாவை அப்புக்காத்து என்றே சொல்வார்கள். அதில் ஒரு தோரணை உண்டு.

கல்லூரியில் ஒருவர் கற்க வேண்டியிருந்தது ஒரு சட்டத்தை அல்ல. நிலம், ஒப்பந்தம், தீங்கு ஆகியவற்றுக்கு உரோம-ஒல்லாந்தச் சட்டம். வணிகத்துக்கும் சாட்சியத்துக்கும் ஆங்கிலச் சட்டம். யாழ்ப்பாணத்துச் சொத்துக்கு, 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை. கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், முஸ்லிம்களின் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் அவர்களின் சட்டம். ஒரே நாளில், ஒரே நீதிமன்றக் கட்டடத்தில், காலையில் ஒன்றும் மாலையில் இன்னொன்றும் பேச நேரும். எந்தச் சட்டம் எந்தக் கட்சிக்காரருக்குப் பொருந்தும், ஒன்று மௌனமாயிருக்கும் இடத்தில் மற்றதைக் கொண்டுவரலாமா என்பவையே பாதி வாதங்கள். தனியொரு பேரரசின் சட்டமாக இல்லாமல் பல நாடுகளின் வழமைகளும் உடன்படிக்கைகளும் நீதிமான்களின் நூல்களும் கலந்து கிடக்கும் சர்வதேசச் சட்டத்தில் புதுக்கடைக்காரருக்கு அந்நியம் தட்டாததற்கு இந்தப் பழக்கமே பெரிய காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

நூற்கல்வியை விட அதிகம் கற்பித்தது மூத்தவரின் அறை. நீதிமன்ற வளாகத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் பழைய வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, வாசலில் பெயர்ப்பலகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். தாழ்வாரத்தில் தட்டச்சுக்காரர். மாலையில் பிறக்கிராசி கட்சிக்காரரை அழைத்துக்கொண்டு வருவார். சிவப்பு நாடா கட்டிய கோவையை முதலில் பிரித்துப் படிப்பது கனிட்டரின் வேலை. மூத்தவர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் சட்டத்தைப் பற்றியதாக இருக்காது. எதிர்த்தரப்பின் வலுவான ஆவணம் எது என்பதாகவே இருக்கும். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத கனிட்டர் அடுத்த நாள் நீதிமன்றத்தில் வாய் திறக்க மாட்டார், தவணை வாங்குவதோடு சரி. எதிரியின் வழக்கை எதிரியைவிட நன்றாகப் படித்து வைப்பது, மூன்று பக்க வாதத்தை ஒரு பந்திக்குக் குறைப்பது, நீதிபதி குறுக்கிடும்போது நிலைகுலையாமல் நிற்பது ஆகிய மூன்றையும் எந்தப் பாடநூலும் அங்கே கற்பிக்கவில்லை. கல்லூரியும் தன் பங்குக்குப் பேச்சுப் போட்டி வைத்தது. ஜூரிக்கு உரையாற்றும் போட்டிக்கான ஹெக்டர் ஜயவர்தன தங்கப் பதக்கத்தை வென்றவர்களில் பின்னாளில் ஜனாதிபதியான ஜே. ஆர். ஜயவர்தனவும் ஒருவர். 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், ஜப்பானிடமிருந்து இலங்கை இழப்பீடு கோராது என்று அறிவித்தவரும் அவரே.

உலக அரங்கு என்று சொல்லத்தக்க முதல் இடம் புதுக்கடைக்காரருக்கு இலண்டனில் கிடைத்தது. இலங்கை நீதிமன்றங்களிலிருந்து இறுதி மேன்முறையீடு கோமறைக் கழகத்துக்குப் போனது. அந்த வழி 1971இல் அடைபடும் வரை இங்கே எழுந்த பல அரசியலமைப்புக் கேள்விகள் அங்கே தீர்க்கப்பட்டன. தமிழ் வாசகருக்கு நினைவிருக்கும் வழக்கு கோடீஸ்வரனுடையது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த அந்த அரச எழுதுவினைஞரின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றமோ, அரச ஊழியர் முடிக்கு எதிராகச் சம்பளத்துக்கு வழக்கிட முடியாது என்றது. 1969இல் கோமறைக் கழகம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியை அது தொடவில்லை. வழக்கு வென்றும் கேள்வி அப்படியே நின்றது. சிறிய தரப்பு பெரிய மன்றத்துக்குப் போனால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

சுதந்திர இலங்கை 1955 டிசம்பரில்தான் ஐக்கிய நாடுகள் சபைக்குள் நுழைந்தது. சோவியத் யூனியனின் வீட்டோ அதுவரை கதவை அடைத்து வைத்திருந்தது. உள்ளே போன பிறகு சிறிய தீவு முந்திக்கொண்டு பேசிய விடயம் கடல்.

கடல் விடயத்தில் இலங்கைக்குப் பழைய பிடிமானம் ஒன்று இருந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிப் பார்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளியிருந்தன. அங்கே சுற்றித் திரியும் படகுகளைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை 1811ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அரசுக்குத் தந்தது. கரையோர அரசின் உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்ற வாதங்களில் இந்த முத்துப் பார்கள் பின்னர் வெளிநாட்டிலும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டன. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. கடல் எவருக்கும் சொந்தமில்லை என்று 1609இல் எழுதிய ஹியூகோ குரோஷியஸ், அந்த வாதத்தை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காகவே வளர்த்தெடுத்தார். அதே கம்பனியின் படைதான் புதுக்கடை மேட்டில் பாசறை அமைத்தது. அதே குரோஷியஸ் சிறையில் இருந்தபோது எழுதிய ஒல்லாந்துச் சட்ட அறிமுக நூலே புதுக்கடை மாணவர்கள் சொத்துரிமை படித்த உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின் மூல நூல்களில் ஒன்று. நிலத்துக்கு அவரை மேற்கோள் காட்டிய நாட்டவர்கள் கடலுக்கு அவரை மறுக்க வேண்டியிருந்தது.

1967 நவம்பரில் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ, ஆழ்கடல் படுக்கை மனிதகுலத்தின் பொதுச் சொத்தாக வேண்டும் என்று பொதுச் சபையில் பேசினார். ஒரு சிறு தீவு எழுப்பிய அந்தக் கேள்வியை ஆராய அமைத்த குழுவுக்கு இன்னொரு தீவின் பிரதிநிதி தலைவரானார். அவர் ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. புதுக்கடை அப்புக்காத்து அல்லர், இலங்கைச் சிவில் சேவைக்காரர். 1973இல் மூன்றாவது கடற்சட்ட மாநாடு தொடங்கியபோது அதன் தலைமையும் அவருக்கே வந்தது. 1976இல் பொதுச் சபையின் தலைவராகவும் தெரிவானார். கடற்படுக்கைப் பேச்சுகளில் அவருக்குத் துணை நின்றவர் வெளிநாட்டு அமைச்சின் சட்ட ஆலோசகர் கிறிஸ்டோபர் பின்டோ. இவர் பிறகு சர்வதேசச் சட்ட ஆணைக்குழுவுக்கும் தலைவரானார்.

1978இல் விபரீதமான நிலைமை ஒன்று ஏற்பட்டது. கொழும்பில் ஆட்சி மாறியிருந்தது. அமரசிங்க இலங்கைத் தூதுக்குழுவில் இல்லை. சொந்த நாட்டின் நாற்காலி இல்லாதவர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கலாமா என்று ஜெனீவா அமர்வின் தொடக்கத்திலேயே சச்சரவு மூண்டது. இலத்தீன் அமெரிக்க நாடுகள் பல எதிர்த்தன. வாக்கெடுப்பில் மாநாடு அவரையே வைத்துக்கொண்டது. ஒரு நாட்டின் பிரதிநிதியாக வந்தவர் அந்தத் தகுதியை இழந்த பிறகும் தலைமை நாற்காலியில் தொடர்ந்தது அபூர்வம். 1980 டிசம்பரில் அவர் காலமானார். சமவாயம் 1982இல் நிறைவேறியபோது நாற்காலியில் இருந்தவர் சிங்கப்பூரின் டொமி கோ, அவரும் தீவுக்காரர். அமரசிங்கவின் பெயரில் ஐ.நா. ஏற்படுத்திய கடற்சட்டப் புலமைப்பரிசில், அரச அலுவலர்களையும் ஆய்வாளர்களையும் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிக் கடற்சட்டம் படிப்பிக்கிறது. இலங்கையில் உருவான ஒருவரின் பெயரைத் தாங்கி உலகெங்கும் அலுவலர்களைப் பழக்கும் ஏற்பாடு என்றால் அதுதான்.

அந்த மாநாட்டில் இலங்கை தனக்கென்று பெற்றது ஒன்று உண்டு. கண்டமேடையின் வெளி எல்லையைக் கணிக்கும் பொது விதி, அடிமண் படிவு மெல்லியதாகிக்கொண்டே போகும் கடலுக்காக எழுதப்பட்டது. வங்காள விரிகுடாவின் தென்பகுதியிலோ நிலைமை வேறு. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண் கிலோமீற்றர் கணக்கில் குவிந்து வெகுதூரம் பரந்திருக்கிறது. பொது விதியைப் போட்டால் தன் கண்ட விளிம்பில் பாதிக்கும் மேல் இலங்கைக்கு இல்லாமற் போகும். ஆகவே படிவின் கனம் ஒரு கிலோமீற்றருக்குக் குறையாத இடம் வரை எல்லைப் புள்ளிகளை வைக்கலாம் என்ற விதிவிலக்கு 1980 ஓகஸ்டில் மாநாட்டால் ஏற்கப்பட்டு, இறுதிச் சாசனத்தின் இரண்டாம் இணைப்பாயிற்று. கோரிக்கையின் உருவத்தைப் பார்த்தால் புதுக்கடை வழக்கறிஞர் எழுதியதைப் போலவே இருக்கும். பொது விதியை எதிர்க்காமல், அதன் நோக்கத்தை ஏற்றுக்கொண்டு, இந்த ஒரு நிலத்துக்கு மட்டும் அது அநீதி விளைவிக்கும் என்று காட்டும் மனு அது. அதன்படி இலங்கை தன் எல்லைக் கோரிக்கையை 2009 மே 8ஆம் திகதி ஐ.நா. ஆணைக்குழுவிடம் கையளித்தது.

புதுக்கடையின் பழக்கம் இன்னொரு தீவுக்கு நேரடியாகப் பயன்பட்டதற்குச் சாட்சி கிறிஸ்டோபர் கிரகரி வீரமந்திரி. 1926இல் பிறந்தவர், 1948இல் அப்புக்காத்தானார். 1950களில் சட்டக் கல்விப் பேரவையில் விரிவுரையாளர், பரீட்சகர். ஒப்பந்தச் சட்டம் பற்றிய அவரது இரண்டு தொகுதி நூல் வெளிவந்த 1967இல் உயர் நீதிமன்ற நீதியரசர். ஐந்தாண்டுகளில் அந்தப் பதவியை விட்டு மெல்பேர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார்.

அங்கே இருந்தபோது நவுரு அவரைத் தேடி வந்தது. 21 சதுர கிலோமீற்றர் பரப்பு, கொழும்பு மாநகரை விடச் சிறியது. 1906இலிருந்து அங்கே பொஸ்பேற்று தோண்டினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா மூன்றும் சேர்ந்து அத்தீவை ஆணைப் பொறுப்பிலும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நம்பிக்கைப் பொறுப்பிலும் வைத்திருந்தன. 1968 ஜனவரி 31இல் நவுரு சுதந்திரமடைந்தபோது தீவின் நடுமேட்டில் பெரும்பகுதி தோண்டி முடிக்கப்பட்டு, மண் போய்ச் சுண்ணாம்புக் கற்கூம்புகள் மட்டும் பல்லைப் போல நீட்டிக்கொண்டிருந்தன. அந்த நிலத்தைத் திருத்தும் கடமை யாருடையது என்று விசாரிக்க நவுரு அரசு அமைத்த ஆணைக்குழுவுக்கு வீரமந்திரி தலைவர். 1988இல் அவர்கள் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையைக் கொடுத்தார்கள். உடன்படிக்கைகள், கம்பனிக் கணக்குகள், நம்பிக்கைப் பொறுப்புச் சபையின் பதிவுகள் எல்லாம் அதில் பந்தி பந்தியாக வாசிக்கப்பட்டிருந்தன. சுதந்திரத்துக்கு முன் தோண்டப்பட்ட நிலத்துக்குப் பொறுப்பு மூன்று அரசுகளுடையதே என்பது முடிவு. நம்பிக்கைப் பொறுப்பாளர் சொத்தை அழித்துவிட்டுப் போக முடியாது என்ற நியாயம் புதுக்கடையில் தினமும் கேட்கக் கூடியதுதான். அதை நாடுகளுக்குப் பொருத்தியதே புதிது.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நவுரு 1989 மே மாதம் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கு வைத்தது. 1992இல் அவுஸ்திரேலியாவின் முதனிலை ஆட்சேபங்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாயின. 1993இல் 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்குச் சமாதானம் ஆயிற்று. அதற்குள் வீரமந்திரியே அந்த நீதிமன்றத்தின் நீதிபதியாகியிருந்தார். இந்த வழக்கில் அவர் அமரவில்லை. 1996இல் அணுவாயுதம் பற்றிய ஆலோசனைக் கருத்தின்போது மார்ஷல் தீவுகள், சாலமன் தீவுகள், சமோவா போன்றவை ஹேக்கில் வந்து பேசின. அணுவாயுதப் பிரயோகம் எந்தச் சூழலிலும் சட்டவிரோதமே என்று அவர் நீண்ட மாறுபட்ட கருத்து எழுதினார். மறு ஆண்டு ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான டான்யூப் அணைக்கட்டு வழக்கில் இலங்கையின் பழைய குளங்களையும், அரசன் நிலத்துக்கு உரிமையாளன் அல்லன், காவலனே என்று மகிந்த தேரர் கூறியதாக மரபு சொல்லும் அறிவுரையையும் எடுத்துக்காட்டினார். தேசவழமையும் கண்டியச் சட்டமும் ஒரே மேசையில் படித்தவருக்கு, ஐரோப்பிய ஆற்று வழக்கில் அனுராதபுரத்தைக் கொண்டுவருவதில் கூச்சமில்லை. 2000 வரை அங்கே பணியாற்றி, கடைசி மூன்றாண்டுகள் உப தலைவராகவும் இருந்தார்.

தமிழர் பங்கு பற்றிப் பேசும்போது லக்ஷ்மன் கதிர்காமரை ஒதுக்கிவிட முடியாது. சட்டக் கல்லூரியில் முதல்தரமாகத் தேறி 1955இல் அப்புக்காத்தானவர். ஒக்ஸ்போர்ட் யூனியன் விவாதச் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1963இல் சர்வதேச மன்னிப்புச் சபைக்காக வியட்நாமுக்குச் சென்று பௌத்தர் மீதான அடக்குமுறையை விசாரித்தார். 1976 முதல் 1988 வரை ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் பணி, பிறகு மறுபடி புதுக்கடை. 1994இல் வெளிநாட்டு அமைச்சரானார். விடுதலைப் புலிகளைத் தடைசெய்யச் செய்வதற்காக அவர் மேலை நாடுகளில் நடத்திய வாதம் அவரைத் தமிழரிடையே பெரும் சர்ச்சைக்குரியவராக்கியது. 2005 ஓகஸ்ட் 12இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அதற்கு ஆறாண்டுகள் முன்பு, அரசியலமைப்புச் சட்டத்தில் உலகறிந்த நீலன் திருச்செல்வமும் அதே நகரில் கொல்லப்பட்டிருந்தார். 1983 யூலைக்குப் பிறகு வெளிநாடு போன தமிழ்ச் சட்டத்தரணிகள் ஏராளம். மூத்தவரின் அறையில் கோவை பிரித்துப் படித்த மரபில் தமிழர் பக்கத்தில் விழுந்த ஓட்டை அடைபடவில்லை.

நிறுவனங்கள் இக்காலத்தில் ஒவ்வொன்றாக வந்தன. 1974இல் பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கை நிலையம் தொடங்கியது. அது அமைந்த பண்டாரநாயக்க நினைவு மண்டப வளாகத்திலேயே வெளிநாட்டுச் சேவை அலுவலர்களைப் பயிற்றும் இராஜதந்திரப் பயிற்சி நிறுவகமும் இயங்குகிறது. கதிர்காமர் பெயரிலான நிறுவகம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. புதுக்கடையின் பங்கு அரச சட்டவாதிகள் வழியாகத் தொடர்கிறது. உடன்படிக்கை வரைவுகளுக்குச் சட்டமா அதிபர் திணைக்களத்தின் கருத்து கேட்கப்படுகிறது.

ஐ.நா.வின் சிறிய தீவு வளர்முக நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. மாலைதீவும் சீஷெல்ஸும் மொரிஷியஸும் இருக்கின்றன. 1989இல் கடல்மட்ட உயர்வு பற்றிய சிறு நாடுகளின் மாநாடு மாலேயில் கூடியதும், அடுத்த ஆண்டு சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவானதும் இலங்கைக்கு வெளியே நடந்தவை. ஆனால் ஆட்கள் போனார்கள். 2009இல் பீஜியில் அரசியலமைப்பு நீக்கப்பட்ட பிறகு அங்குள்ள நீதிமன்றங்களில் இலங்கையர் பலர் நீதிபதிகளாகவும் அரச சட்டவாதிகளாகவும் அமர்ந்தனர். அந்த ஆட்சியின் தன்மையால் அது விமர்சனத்துக்கும் ஆளானது. சீஷெல்ஸ் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் இலங்கையர் ஒருவர் தலைமை வகித்திருக்கிறார். தேசிய எல்லைக்கு அப்பாலுள்ள கடலின் உயிரினங்கள் பற்றிய ஐ.நா. செயற்குழுவுக்கு இலங்கைத் தூதர் பாலித கோஹன இணைத்தலைவராக இருந்தார். அங்கே தொடங்கிய பேச்சு 2023இல் உடன்படிக்கையாயிற்று.

அதே 2023இன் மார்ச் மாதத்தில் சட்டக் கல்லூரியின் பரீட்சை மொழி பற்றிய விவகாரம் பாராளுமன்றத்துக்கு வந்தது. பாடநெறியை ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டும் என்ற ஒழுங்குவிதியைச் சபை நிராகரித்தது. உலக மன்றங்களின் மொழியில் பயில வேண்டும் என்பது ஒரு பக்கம். கிராமத்து மாணவனுக்குக் கதவு மூடிவிடும் என்பது மறு பக்கம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் அங்கே தொடர்கின்றன. மாலையில் நீதிமன்றக் கதவுகள் அடைபட்ட பின் அதே வீதியில் கொத்து ரொட்டிக் கல்லின் சத்தம் தொடங்குகிறது. கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டபடி கனிட்டர்கள் அங்கேதான் சாப்பிட்டுவிட்டு, மறுநாளைக்கான கோவையோடு மூத்தவரின் அறைக்கு ஏறுகிறார்கள்.